யூரியா இறங்கியது, அம்மாவின் அரிப்பு இறங்கவில்லை

அம்மாவுக்கு முதலில் கெட்டுப்போனது நாக்கு. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 32 வருடம் கொழுந்து பறித்தவர் அவர். சாயத் தண்ணியை ஒரு வாய் குடித்தாலே, இது மேல்நாட்டுத் தூளா, கீழே விளைந்ததா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் விடிய, "தகரத்த நக்குன மாதிரி இருக்கு புள்ள" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார். தூள் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுப் பக்கெட் வாங்கினேன். அதுவும் தகரம்தான் என்றார்.

அப்புறம் காலையில் குமட்டல் வந்தது. வாயில் ஒரு மூத்திர வாடை வந்தது. இரவில் முதுகையும் காலையும் சொறிந்தபடி உட்கார்ந்திருப்பார். எட்டு மாதம் கேஸ்ட்ரிக் குளிசை குடித்தோம். அம்மாவுக்குச் சீனி வியாதி 15 வருடமாக இருந்தது, பிரஷரும் இருந்தது. மலை ஏறி இறங்கிய உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் குளிசையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. சீனியோ பிரஷரோ இருக்கும் யாரும் வருடத்துக்கு ஒரு தரம் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு பரிசோதனையை யாராவது அன்றே எழுதித் தந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

பார்த்தபோது கிரியேட்டினின் 7.1. சிறுநீரகம் வடிகட்டும் அளவை ஒரு கணக்குப் போட்டுச் சொல்வார்கள். அது 15க்குக் கீழே போனால் கடைசிக் கட்டம். அம்மாவுக்கு 6. செய்தி கேட்டு எங்கள் லய வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், "நாங்க என்ன அனுராதபுரத்துத் தண்ணியா குடிக்கிறோம்?" என்றே கேட்டார்கள். இலங்கையில் கிட்னி வியாதி என்றதும் அனுராதபுரம் இருக்கும் வடமத்திய மாகாணத்து விவசாயிகள் ஞாபகம்தான் வரும். அங்கே காரணம் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாமல் பரவியிருக்கும் வியாதி வேறு. மலையில் எங்களைப் பிடிப்பது பெரும்பாலும் சீனியும் பிரஷரும்தான். ஊற்றுத் தண்ணி நல்ல தண்ணி என்ற நம்பிக்கையில் நாங்கள் கவலையில்லாமல் இருந்துவிட்டோம்.

கண்டிப் பக்கத்து அரச ஆஸ்பத்திரி ஒன்றில் வாரத்துக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் நான்கு மணி நேரம், மெஷினில் இரத்தம் கழுவ, அதாவது டயலிசிஸ் செய்ய, இடம் கிடைத்தது. உலகத்தில் வழக்கமாகச் செய்வது வாரத்துக்கு மூன்று தரம். இடம் இருந்தது இரண்டுக்குத்தான். அதிகாலை இரண்டரை மணிக்குப் பக்கத்துத் தோட்டத்து இன்னொரு நோயாளியோடு வேனைப் பங்கு போட்டுக்கொண்டு, ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவு வளைவாக இறங்குவோம். சிகிச்சைக்குக் காசு இல்லை. வேனுக்குத்தான் காசு.

மூன்றாவது மாதம் ஒரு ரிப்போர்ட் வந்தது. யூரியா என்ற கழிவு கழுவுவதற்கு முன் 29, கழுவிய பின் 9. அதாவது 69 வீதம் இறங்கியிருக்கிறது. 65 வீதத்துக்கு மேல் இறங்கினால் போதுமென்று வைத்திருக்கிறார்கள். மிஸி, அதாவது தாதி, சந்தோஷமாக, "அம்மாவுக்கு நல்லா கழுவுப்பட்டிருக்கு" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். அன்று இரவும் அம்மா சீப்பை எடுத்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை. சாயத் தண்ணி இன்னும் தகரம்தான். நம்பர் நல்லா இருக்கிறதே என்று நான் அம்மாவிடமே சொன்னேன். அது எவ்வளவு தவறான பேச்சு என்று பின்னால்தான் விளங்கியது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அந்தச் சமயத்தில், மேல்படிப்புப் படிக்கும் இளம் டொக்டர் ஒருவர் ஒரு தாளோடு வந்தார். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தில் தேங்கும் நச்சுகளை அளக்கப் போவதாகவும், கழுவுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு குழாய் இரத்தம் வேண்டுமென்றும் சொன்னார். தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அம்மா உடனே பெருவிரலை நீட்டினார். தோட்டத்தில் வாழ்நாள் முழுக்க அப்படித்தானே பழக்கம்! காட்டிய இடத்தில் விரல் வைப்பது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். தமிழில் தாள் வேண்டும், வாசித்துவிட்டுச் சொல்கிறோம் என்றேன். கோபப்படுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. அடுத்த முறை தமிழ்த் தாளோடு வந்தார். கொஞ்சம் கடினமான தமிழ்தான், ஆனாலும் தமிழ்.

அன்று நான் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். எவ்வளவு இரத்தம்? டயலிசிஸ் நோயாளிக்கு ஏற்கெனவே இரத்தச் சோகை இருக்கும். அதனால் இந்தக் கேள்வி முக்கியம். இரண்டு தேக்கரண்டி அளவு என்றார். தனியாக ஊசி குத்துவீர்களா? இல்லை, மெஷின் குழாயிலிருந்தே எடுப்போம். மாட்டோம் என்று சொன்னால் எங்கள் இடம் போய்விடுமா? போகாது. நடுவில் விலகலாமா? விலகலாம். மருந்து ஏதாவது மாற்றுவீர்களா? இல்லை, அளப்பது மட்டும்தான். முறைப்பாடு இருந்தால் யாரிடம் சொல்வது? ஆய்வை அனுமதித்த நெறிமுறைக் குழுவின் இலக்கம் தாளின் கடைசியில் இருந்தது. அம்மாவின் அளவை எங்களுக்குச் சொல்வீர்களா? இதற்குத்தான் அவர் கொஞ்சம் தயங்கினார். தனித்தனி ஆளுக்குச் சொல்வதில்லை, மொத்தமாக முடிவு வந்ததும் ஒரு சுருக்கம் தருவோம் என்றார். இந்தக் கடைசிப் பதிலைக் கேட்டுவிட்டு ஒப்பமிடுங்கள். ஆய்வு வேறு, சிகிச்சை வேறு. இரத்தம் கொடுத்தால் நம் வியாதி குணமாகும் என்று நினைத்துக் கொடுத்தால் பிறகு மனசு வலிக்கும்.

யூரியா நன்றாக இறங்கியும் அரிப்பு ஏன் போகவில்லை என்று நான் கேட்டேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். மிஸி தமிழில் சொன்னார். யூரியா மிகச் சின்ன மூலக்கூறு, தண்ணீரில் கரைந்து தனியாகத் திரியும், மெஷினின் சல்லடைக்குள் சுலபமாகப் போய்விடும். ஆனால் சிறுநீரகம் வெளியேற்றும் நச்சு அது ஒன்று மட்டுமில்லை. 2003இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் பட்டியல் போட்டபோது 90 பொருட்கள் வந்தன. அவற்றில் 25 பொருட்கள் இரத்தத்திலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பவை. இன்டொக்சில் சல்பேட், பாரா-கிரெசைல் சல்பேட் இரண்டும் அந்த வகை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டியே இருக்கும். அல்புமின் பெரியது, சல்லடையைத் தாண்டாது, தாண்டவும் விடக்கூடாது. அதனால் ஒட்டாமல் தனியாக நிற்கும் சொற்பம்தான் மெஷினில் வெளியேறும். யூரியா மூன்றில் இரண்டு பங்கு இறங்கும் அதே நான்கு மணி நேரத்தில் இவை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இறங்கும். நல்ல சிறுநீரகம் இவற்றைச் சல்லடையால் வடிப்பதில்லை. அதன் நுண்குழாய்கள் இரத்தத்திலிருந்து பிடித்து இழுத்துச் சிறுநீரில் தள்ளுகின்றன. அந்த வேலை மெஷினுக்குத் தெரியாது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். வேலையை விட்டு வருடங்கள் ஆகியும் விரல் இடுக்கில் அந்தக் கறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. "மண்ணுன்னா பீலியில கைய நீட்டுனா போயிரும். கொழுந்துக் கறை போகுமா? அதான?" என்றார். மிஸி அதைச் சிங்களத்தில் சொன்னதும் டொக்டர் அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிடச் சரியாக எனக்கு இன்றுவரை யாரும் விளக்கியதில்லை.

அரிப்புக்கும் குமட்டலுக்கும் இந்த இரண்டு நச்சுகள்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்ல வரவில்லை. பொஸ்பரஸ் ஏறினாலும் அரிக்கும், தோல் வறண்டாலும் அரிக்கும், இன்னும் எத்தனையோ இருக்கிறது. சொல்ல வருவது ஒன்றுதான். யூரியா ஒரு அடையாளம். அடையாளம் இறங்கினால் விஷமெல்லாம் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆளைப் பார்க்க வேண்டும். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, அரிக்கிறதா, வாய் எப்படி இருக்கிறது, கால் நமநமவென்று இழுக்கிறதா. அன்றிலிருந்து கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் தேதி போட்டு இதையெல்லாம் எழுதத் தொடங்கினேன். டொக்டருக்கு ஒரு நிமிஷம்தான் இருக்கும். எழுதியதைக் காட்டினால் அந்த ஒரு நிமிஷம் வீணாகாது. அரிப்பை ஐந்து வாரம் தொடர்ந்து எழுதிக் காட்டிய பிறகுதான் பொஸ்பரஸ் பார்த்தார்கள். அதுவும் கூடியிருந்தது. கருவாடும் டின் மீனும் எங்கள் வீட்டைவிட்டுப் போயின, சாப்பாட்டோடு போடும் குளிசை ஒன்று வந்தது. இரண்டு மாதத்தில் அரிப்பு பாதியாகக் குறைந்தது.

புரதத்தோடு ஒட்டும் அந்த நச்சு எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது வந்த பதில் எனக்குப் பெரிய ஆச்சரியம். குடலிலிருந்து. நாம் சாப்பிடும் புரதத்தில் ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போவதை அங்குள்ள கிருமிகள் உடைக்கின்றன. புரதத்தின் துண்டுகளான டிரிப்டொபானிலிருந்து இன்டோல், டைரோசினிலிருந்து கிரெசோல். இவை ஈரலுக்குப் போய் சல்பேட்டாக மாறி இரத்தத்தில் சேருகின்றன. பெருங்குடல் எடுக்கப்பட்ட டயலிசிஸ் நோயாளிகளின் இரத்தத்தைப் பார்த்து 2011இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. பெருங்குடல் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் அவர்களிடம் இந்த நச்சுகள் மிக மிகக் குறைவு.

அப்படியென்றால் மலச்சிக்கல்? அம்மா மூன்று நாளைக்கு ஒரு தரம், சில வாரம் நான்கு நாளைக்கு ஒரு தரம்தான் வெளியே போவார். அதை யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம். டயலிசிஸ் நோயாளிக்கு மலம் கட்டுவதற்கு எல்லா வழியும் திறந்தே இருக்கிறது. தண்ணி அளந்து குடிக்க வேண்டும், பொட்டாசியத்துக்குப் பயந்து பழமும் கீரையும் குறைத்திருப்போம், இரும்புச்சத்துக் குளிசை, பொஸ்பரஸ் குளிசை, நடமாட்டமும் இல்லை. மலம் குடலில் தங்கத் தங்கக் கிருமிகள் புரதத்தை உடைத்துக்கொண்டே இருக்கும். பொட்டாசியத்தில் ஒரு பங்கும் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும், சிறுநீரகம் இல்லாதவருக்கு அது பெரிய உதவி. கேட்டவுடன் லக்டுலோஸ் என்ற மலமிளக்கி எழுதித் தந்தார்கள். கடையில் சும்மா கிடைக்கும் பேதி மருந்தை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மில்க் ஒப் மக்னீசியா மாதிரி மக்னீசியம் உள்ளதும், பொஸ்பேட் உள்ள எனிமாவும் இவர்களுக்கு ஆபத்து. கரட், போஞ்சி, கோவா எங்கள் பக்கம் தாராளம். சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணியில் அவித்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு மறுபடி சமைத்தால் பொட்டாசியம் குறையும், நார் மிஞ்சும். உருளைக்கிழங்குக்கும் அப்படித்தான்.

புரதத்திலிருந்துதான் நச்சு வருகிறது என்று கேட்டதும் நான் ஒரு பெரிய பிழை செய்தேன். முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சோறும் அவித்த மரக்கறியும் மட்டும். ஆறு வாரத்தில் அம்மாவின் கன்னம் ஒட்டிவிட்டது, அல்புமினும் இறங்கியது. சாப்பாட்டு ஆலோசகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: டயலிசிஸ் தொடங்குமுன் புரதத்தைக் குறைக்கச் சொல்வது உண்மை, தொடங்கிய பிறகு கணக்கு மாறிவிடும். ஒரு கிலோ உடம்பு எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். அம்மா 46 கிலோ, அப்படியென்றால் ஏறக்குறைய 46 முதல் 55 கிராம். முட்டையின் வெள்ளை, பச்சை மீன், கோழி. இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் போதாது. பட்டினி போட்டு விஷத்தை இறக்க முடியாது.

விஷம் வெளியிலிருந்தும் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டியிலிருந்து மாமி ஒரு பை நிறையக் காமரங்கா கொண்டுவந்தார், நட்சத்திர வடிவில் வெட்டுப்படும் அந்தப் புளிப்புப் பழம். வாய்க்கு ருசி இல்லாத அம்மாவுக்குப் புளிப்பு பிடித்தது. மூன்று பழம் உப்பும் தூளும் தொட்டுச் சாப்பிட்டார். இரவு ஒன்பது மணிக்கு விக்கல் தொடங்கியது. தண்ணி கொடுத்தோம், நிற்கவில்லை. விடியும்போது நான் யாரென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. வேனைப் பிடித்து ஓடினோம். கேட்ட முதல் கேள்வியே, "காமரங்கா சாப்பிட்டாரா?" உடனே மெஷினில் போட்டார்கள், அடுத்த நாளும் போட்டார்கள். அம்மா தப்பினார். அந்தப் பழத்தில் கரம்பொக்சின் என்ற நரம்பு நச்சு இருப்பதை 2013இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், கெட்டுப்போன சிறுநீரகம் வைத்துக்கொள்ளும். விக்கல், தடுமாற்றம், வலிப்பு என்று போய் உயிரையும் எடுக்கும். சிறுநீரக நோயாளிக்கு நிற்காத விக்கல் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அன்பாகத்தான் கொண்டுவருகிறார்கள். செவ்விளநீர் குலையாக வரும், அதில் பொட்டாசியம் நிறைய. கிட்னிக்கு நல்லது என்று பொல்பலா மூலிகை வரும். நல்ல கிட்னி உள்ளவர் குடிப்பது வேறு, டொக்டரைக் கேட்காமல் அம்மாவுக்கு ஒரு இலையும் கொடுப்பதில்லை என்று மாமியிடமே சொல்லிவிட்டேன். மாமிக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. அந்த இரவை அவரும் மறக்கவில்லை.

கொழும்பில் இருக்கும் என் தம்பி ஒரு நாள் போனில், "அக்கா, ஜப்பான்ல ஒரு கரி மருந்து இருக்காம், குடல்லேயே அந்த விஷத்தை உறிஞ்சிடுமாம், எப்படியாவது எடுப்போம்" என்றான். உண்மைதான். ஏஎஸ்டி-120 என்று பெயர், டயலிசிஸுக்கு முந்திய கட்டத்து நோயாளிகளுக்காக ஜப்பானில் 1991 முதல் பாவனையில் இருக்கிறது. அடுத்த கிளினிக்கில் அந்த இளம் டொக்டரிடம் கேட்டேன். 13 நாடுகளில் 2000க்கு மேற்பட்ட அத்தகைய நோயாளிகளுக்குக் கொடுத்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலிக் குளிசை கொடுத்து ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகள் 2015இல் வெளிவந்தன, வியாதி மோசமாவதை அது தடுத்ததாகத் தெரியவில்லை என்றார். அம்மா ஏற்கெனவே அந்தக் கட்டத்தைத் தாண்டியவர். தம்பி சேர்த்த காசை வேன் செலவுக்கு எடுத்து வைத்தோம்.

அந்த டொக்டரிடம் நான் கற்ற பெரிய பாடம் அதுதான். நச்சு குறைகிறதா என்பது ஒரு கேள்வி. ஆள் நன்றாக இருக்கிறாரா, கூடக் காலம் வாழ்கிறாரா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் 1846 பேரை வைத்துச் செய்து 2002இல் வெளிவந்த ஆய்வில், யூரியாவை இன்னும் அதிகமாகக் கழுவியும் மரணம் சொல்லும்படி குறையவில்லை. ஐரோப்பாவில் 1360 பேரை வைத்துச் செய்து 2023இல் வெளிவந்த ஆய்வில், வடிகட்டலோடு நிறையத் திரவத்தையும் சேர்த்து இழுத்துப் பெரிய மூலக்கூறுகளையும் வெளியேற்றும் முறையில் இறந்தவர்கள் 17.3 வீதம், வழக்கமான முறையில் 21.9 வீதம். அந்த முறை எங்கள் யூனிட்டில் இல்லை. ஆனால் ஆய்வு என்றால் என்ன கேட்க வேண்டும் என்று இப்போது தெரியும்.

எங்களுக்கு முடிந்த இன்னொன்று, ஒரு தவணையையும் தவறவிடாமல் இருப்பது. மண்சரிவில் ரோட்டு மூடிய நாளில் ரயிலில் போனோம். தீபாவளிக்கும் போனோம். நேரம் முடியுமுன் கழற்றச் சொல்லி அம்மா இப்போது கேட்பதில்லை. கறை மெதுவாகத்தான் போகும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த ஆய்வின் சுருக்கம் இன்னும் கைக்கு வரவில்லை. டொக்டர் பயிற்சிக்கு வேறு இடம் போய்விட்டார், போனில் கேட்டபோது வேலை நடக்கிறது, தமிழிலும் அனுப்புகிறேன் என்றார். அம்மா ஒவ்வொரு வியாழனும், "அந்தப் பேப்பர் வந்துச்சா?" என்று கேட்கிறார். தமிழ் ஒப்புதல் தாளின் பிரதி கிளினிக் கொப்பியின் உறைக்குள் இருக்கிறது. போன வாரம் பொகவந்தலாவையிலிருந்து புதிதாக வந்த ஐயா ஒருவரிடம் வேறொரு ஆய்வுக்காகத் தாள் நீட்டினார்கள். அவர் பெருவிரலை மைப்பெட்டிக்குக் கொண்டுபோனார். அம்மா கட்டிலிலிருந்தே, "அண்ணே, கொஞ்சம் இருங்க, மக வாசிச்சுச் சொல்லுவா" என்றார். மிஸியிடம் தமிழ்த் தாள் கேட்டு வாங்கி வந்து, அவர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது பந்தியிலேயே அவர் நிறுத்திக் கேட்டார்: "எடுக்குற ரெத்தம் எங்க போகுதுன்னு போட்டிருக்கா புள்ள?"